பொருளை இழக்கத் தெரிந்த ஊர்

எவர்சில்வர் பாலிஷ் தொழிலில் இருப்பவர்களிடம் ஜப்பானின் சுபாமே நகரத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, ஸ்பூனும் முட்கரண்டியும் செய்கிற ஊர். மற்றொன்று, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போடுகிற ஊர். இரண்டுமே உண்மை. ஜப்பானில் தயாராகும் உலோக ஸ்பூன், முட்கரண்டி, மேசைக்கத்தி வகையறாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், எண்பதாயிரம் பேர்கூட இல்லாத இந்தச் சிறு நகரத்திலிருந்தே வருகிறது. ஆனால் அந்த ஊர் இன்று எதைச் செய்கிறது என்பதற்குத்தான் இவை பதில். நானூறு ஆண்டுகளாக எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. ஏனென்றால் இந்த நானூறு ஆண்டுகளில் முக்கால்வாசிக் காலம் அந்த ஊர் ஸ்பூனைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. உலோகப் பட்டறை வேலையை உள்ளிருந்து அறிந்தவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது இதுதான்: பிழைப்பு தந்த பொருள் சந்தையில் செத்துப்போகும்போது, அதைச் செய்த கையையும் கூடவே சாகவிடாமல் வேறொன்றுக்குத் திருப்புவதுதான் சுபாமேயின் தனித்திறமை. அது எப்படி முடிந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள், இனியும் முடியுமா என்று பார்ப்பது, பட்டறைகள் நிறைந்த எந்த ஊரைப் பற்றி யோசிப்பவருக்கும் பயன்படும்.

ஊர் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். ஹோன்ஷு தீவின் மேற்கே, ஜப்பான் கடலோரமாக, நீகாட்டா மாநிலத்தில் எச்சிகோ சமவெளி இருக்கிறது. ஜப்பானின் மிக நீளமான ஆறான ஷினானோ அதன் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. நெல்லுக்குப் பேர்போன மண். ஆனால் வெள்ளம் வந்தால் விளைந்தது அத்தனையும் போய்விடும். குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் வயலில் வேலை இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளத்தில் நொடித்த விவசாயிகளுக்குத் துணைத்தொழிலாக இருக்கட்டும் என்று அப்போதைய அரசு அதிகாரி எதோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, ஆணி அடிக்கும் கொல்லர்களை வரவழைத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார் என்று உள்ளூர் வரலாறு கூறுகிறது. மரவீடுகளால் ஆன எதோ அடிக்கடி தீக்கிரையான நகரம். 1657 தீவிபத்தில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தே போயிற்று. எரிந்த வீட்டைத் திரும்பக் கட்ட ஆணி வேண்டும். ஆக, ஓர் ஊரின் வெள்ளமும் இன்னோர் ஊரின் தீயும் சேர்ந்து இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தன. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே இரும்புச் சுரங்கம் இல்லை, குலத்தொழிலாக வந்த கொல்லர் மரபும் இல்லை. இருந்தது ஓய்ந்த கைகளும் ஆற்றுவழிப் படகுப் போக்குவரத்தும் மட்டும்தான்.

ஆணியோடு நின்றிருந்தால் கதை 19ஆம் நூற்றாண்டிலேயே முடிந்திருக்கும். இடையில் யாஹிகோ மலைப் பக்கத்து மாசே சுரங்கத்தில் செம்பு கிடைக்கத் தொடங்கியது. ஒற்றைச் செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே கெண்டியாக்கும் வேலை ஊருக்குள் வந்தது. 1816இல் தொடங்கிய கியோகுசெண்டோ பட்டறை இன்றும் அதைச் செய்கிறது. செம்புத் தகட்டோடு புகைக்குழாய், எழுத்தர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் மைக்கூடு, அரம் ஆகியவையும் சேர்ந்தன. வெளியாருக்கு எல்லாம் ஒரே சுத்தியல் வேலையாகத் தெரியலாம். தொழிலில் இருப்பவர் அப்படி நினைக்கமாட்டார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, சூடு இறங்குவதற்குள் அடிக்க வேண்டும். செம்பைக் குளிர்ந்த நிலையில் அடிக்கலாம், ஆனால் அடிக்க அடிக்க அது இறுகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் உலையில் வைத்து இளக்காமல் மேலும் அடித்தால் விளிம்பில் விரிசல் விடும். அந்தக் கட்டத்தைச் சுத்தியல் திரும்பித் தெறிக்கும் விதத்திலிருந்தும் சத்தத்திலிருந்தும் கை அறிந்துகொள்ளும். ஆக ஆணிக்காரர் செம்புக்காரராக மாறியபோது செய்முறை அப்படியே கூட வரவில்லை. கூட வந்தவை இரண்டு: உலோகம் எவ்வளவு தாங்கும் என்று கணிக்கும் பழக்கம், தன் கருவியைத் தானே செய்துகொள்ளும் பழக்கம்.

1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சிக்காலம் இந்த ஊரின் பொருட்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றது. மேல்நாட்டு இயந்திர ஆணி வந்ததும் கையால் அடித்த சதுர ஆணி போயிற்று. சிகரெட் வந்ததும் புகைக்குழாய் போயிற்று. பேனா வந்ததும் மைக்கூடு போயிற்று. அலுமினியம் வந்ததும் செம்புப் பாத்திரம் ஆடம்பரமாகிவிட்டது. பொருளை வைத்து ஊரைக் கணக்கிடுபவர் 1910 வாக்கில் சுபாமேக்கு இரங்கற்பா எழுதியிருப்பார். 1911இல் டோக்கியோவின் கின்சா கடைத்தெருவிலிருந்த ஒரு வணிகர், மேல்நாட்டு மேசைக்கான கரண்டி, முட்கரண்டி வகைகளில் 36 பேருக்கான தொகுதி வேண்டும் என்று சுபாமேயின் உலோகச் சாமான் மொத்த வியாபாரி ஒருவருக்கு ஆர்டர் கொடுத்தார். அந்த வியாபாரி அதைச் செம்புப் பாத்திரக் கைவினைஞர் ஒருவரிடம் கொண்டுபோனார். புகைக்குழாயின் கிண்ணத்தைத் தட்டி எடுக்கத் தெரிந்த ஊருக்கு ஸ்பூனின் குழி புதுப்பாடம் அல்ல. மூன்று ஆண்டுகளில் முதல் உலகப் போர் வெடித்தது. ஐரோப்பியப் பட்டறைகள் ஆயுதத்துக்குத் திரும்பின. ரஷ்யா உள்ளிட்ட வெளிநாட்டு ஆர்டர்கள் ஜப்பானைத் தேடி வந்தபோது, பித்தளைக் கரண்டி செய்யச் சுபாமே தயாராக இருந்தது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, இது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். செம்பு பக்கத்து மலையில் கிடைத்தது, போர் வேறெங்கோ வந்தது. இதில் ஊரின் சாமர்த்தியம் எங்கே? நியாயமான கேள்வி. ஆனால் போர் ஜப்பான் முழுமைக்கும்தான் வந்தது. உலோக வேலை தெரிந்த ஊர்கள் அந்த நாட்டில் பல இருந்தன. அத்தனை ஊர்களும் கரண்டி ஊர்களாக மாறிவிடவில்லை. அதிர்ஷ்டம் கதவைத் தட்டும்போது திறக்க ஆள் இருந்ததா என்பதே விஷயம். 1911 ஆர்டரின் பாதையை மறுபடி பாருங்கள். அது கைவினைஞருக்கு நேராக வரவில்லை, வியாபாரிக்கு வந்தது. தெரியாத ஒரு பொருளின் மாதிரியைக் கையில் வாங்கி, இதை யாரால் செய்ய முடியும் என்று யோசித்து, சரியான வாசலுக்குக் கொண்டுபோக ஒருவர் இருந்தார். அந்த ஏற்பாட்டை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. ஆணிக் காலத்திலிருந்தே வளர்ந்துவந்த ஏற்பாடு அது. அதைப் புரிந்துகொள்ள ஒரு ஸ்பூன் எப்படித் தயாராகிறது என்று பார்க்க வேண்டும்.

நல்ல ஸ்பூன் ஒன்றைக் கையில் எடுத்து, கழுத்தையும் குழியின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கழுத்து கனமாக இருக்கும், விளிம்பு மெலிதாக இருக்கும். ஒரே கனமுள்ள தகட்டிலிருந்து வெட்டிக் குழித்த மலிவு ஸ்பூனில் இந்த வித்தியாசம் இருக்காது. அதனால்தான் அது கழுத்தில் வளைகிறது, உதட்டில் முரடாகப் படுகிறது. நல்ல ஸ்பூனுக்கு, தகட்டிலிருந்து முதலில் குட்டையும் குறுகலுமாக ஒரு துண்டை வெட்டுகிறார்கள். அதன் ஒரு முனையை மட்டும் உருளைகளுக்கு இடையே கொடுத்து அகலவாக்கில் மெலிந்து விரியச் செய்கிறார்கள். பிறகு குழியின் வரம்பை வெட்டி, காம்பில் வேலைப்பாட்டை அச்சடித்து, குழியை டையில் அழுத்தி, சுற்று விளிம்பைச் சாணை பிடித்து, அதன்பிறகே பாலிஷுக்கு அனுப்புகிறார்கள். முட்கரண்டிக்குப் பற்களை வெட்டும் வேலையும், பற்களுக்கு நடுவே பிசிறு எடுத்துப் பாலிஷ் போடும் வேலையும் கூடுதல். அந்த இடைவெளியில் நகத்தை விட்டு இழுத்தால் ஒரு முட்கரண்டியின் தரம் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது அங்கேதான். சுபாமேயில் இந்தப் படிகள் எல்லாம் ஒரே கூரைக்குள் நடக்க வேண்டியதில்லை. வெட்டுபவர் ஒருவர், டை செய்பவர் ஒருவர், அழுத்துபவர் ஒருவர், பாலிஷ் போடுபவர் ஒருவர். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் இரண்டு மூன்று பேர் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வார்கள். சரக்கு தெருவுக்குத் தெரு நகர்ந்து முழுமை அடையும். நம் ஊர் மொழியில் சொன்னால், ஊர் முழுக்க ஜாப் ஒர்க்.

இந்த அமைப்பில் ஒரு பட்டறைக்குத் தெரிந்தது பொருள் அல்ல, வேலை. பாலிஷ்காரருக்கு ஸ்பூன் தெரியும் என்பதைவிட, இந்தக் கனத்தில் இந்த ரகத் தகட்டை எந்த வீலில் எந்த மருந்து போட்டு எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது தெரியும். நாளை ஸ்பூன் போய்த் தட்டு வந்தாலும் அந்த அறிவு செல்லும். டை செய்பவருக்கும் அப்படித்தான். பொருள் மாறும்போது ஊர் மொத்தமும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வேலைகளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக் கோத்தால் போதும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒற்றை வேலை மட்டும் தெரிந்த பட்டறைக்குச் சந்தை தெரியாது. எதைச் செய்தால் விற்கும் என்று வெளியுலகைப் பார்த்துச் சொல்ல வேறொருவர் தேவை. அதற்குத்தான் மொத்த வியாபாரி. அண்டை நகரமான சான்ஜோ இந்த வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே கத்தியும் தச்சுக் கருவியும் அடிக்கும் கொல்லர்களும் உண்டு. எச்சிகோ-சான்ஜோ வெட்டுக்கருவிகள் 2009இல் நாட்டின் மரபுக் கைத்தொழிலாக அங்கீகரிக்கப்பட்டன. ஆனாலும் சான்ஜோவை வணிகர் ஊர் என்றும் சுபாமேயைக் கைவினைஞர் ஊர் என்றும் சொல்வது பழைய வழக்கம். இரண்டுக்கும் ஒத்துப்போனதில்லை என்பதும் ஊரறிந்தது. 1982இல் ஷின்கான்சென் ரயில் வந்தபோது எல்லையில் அமைந்த நிலையத்துக்குச் சுபாமே-சான்ஜோ என்று பெயர் வைத்தார்கள். விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் இடத்துக்குப் பெயர் சான்ஜோ-சுபாமே. வேலை தெரிந்தவரும் சந்தை தெரிந்தவரும் உரசிக்கொண்டே கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தது இரு ஊருக்குமே நன்மையாக முடிந்தது என்பது என் எண்ணம்.

இந்த வாதத்துக்குக் கடுமையான சோதனை இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போயின. ஒரு டாலருக்கு 360 யென் என்ற நிலையான மாற்று விகிதம் ஏற்றுமதிக்குத் தோள் கொடுத்தது. சரக்கு அளவுக்கு மீறிப் போனதும் அமெரிக்க உற்பத்தியாளர்கள் தங்கள் அரசிடம் முறையிட்டார்கள். முதலில் ஜப்பான் தானாகவே ஏற்றுமதிக்கு வரம்பு வைத்துக்கொண்டது. 1959இல் அமெரிக்கா ஒதுக்கீடு ஒன்றை விதித்து, அதற்கு மேல் வரும் சரக்குக்குக் கடும் வரி போட்டது. ஒரு சிறு நகரத்தின் கரண்டிக்காக அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட அறிவிப்பு அது. பிறகு 1971இல் டாலர் விகிதம் உடைந்தது. 1985 பிளாசா ஒப்பந்தத்துக்குப் பின் யென் மதிப்பு மளமளவென்று ஏறி, மலிவுக் கரண்டிக்கு வெளிச்சந்தையே இல்லை என்றாகிவிட்டது. ஒரே பொருளை நம்பிய ஊர் இந்த மூன்று அடியில் படுத்திருக்கும். சுபாமே கரண்டிக்குப் பழகிய அதே பிரஸ்ஸையும் பாலிஷ் வீலையும் தட்டு, கிண்ணம், கெட்டில், வாணலி என்று அடுக்களைச் சாமான் பக்கம் திருப்பியது. மேசைக்கரண்டியில் மிஞ்சியவர்கள் மேல்தரத்துக்கு ஏறினார்கள். 1991இல் நோபல் பரிசின் 90ஆம் ஆண்டுக்காகப் புதிதாக வடிவமைக்கப்பட்ட விருந்து மேசைத் தொகுதியில், சுவீடன் வடிவமைப்பாளர் குன்னார் சிரேன் வரைந்த கரண்டிகளைச் செய்துகொடுத்தது சுபாமேயின் யமசாக்கி கின்சோகு நிறுவனம். விலையில் போட்டியிட முடியாமல் போன ஊர், விலை கேட்காத மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

வேலை தெரிந்த பட்டறைக்குப் பொருள் ஒரு பொருட்டல்ல என்பதற்கு 2001ஐவிட நல்ல சான்று கிடைக்காது. அந்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபாட் பாட்டுப் பெட்டியின் முதுகு, முகம் தெரியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்தப் பாலிஷ் சுபாமேயில் போடப்பட்டது. அந்த வேலை எவ்வளவு கடினம் என்று தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டை எளிதில் கடத்தாது. வீல் உரசும் இடத்திலேயே சூடு தங்கிவிடும். தகடு மெலிதாக இருந்தால் அந்தச் சூட்டில் நெளியும், நிறம் மாறும். அதற்குப் பயந்து அழுத்தத்தைக் குறைத்தால் டையில் இழுத்தபோது விழுந்த கோடுகள் போகாது. போகவேண்டுமே என்று ஒரே இடத்தில் பிடித்து நின்றால் அந்த இடம் குழிந்து, கண்ணாடியில் பிம்பம் கோணலாகத் தெரியும். ஓரத்தில் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் விளிம்பு மழுங்கி, முன்பக்க மூடியோடு பொருந்தாது. முரட்டு வீலில் தொடங்கி நைசான துணி வீல் வரை ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் கோட்டை முழுதாக அழித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். விட்டுப்போன ஒரு கோடு கடைசிப் பளபளப்பில் பல்லிளிக்கும். கரண்டிக்காகத் தலைமுறையாகப் பழகிய இந்தக் கைப்பக்குவம், கலிபோர்னியாவில் வரைந்த ஒரு பொருளுக்கு அப்படியே பொருந்தியது. சில ஆண்டுகளில் அந்த வேலை சீனாவுக்குப் போய்விட்டது. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானியரின் உழைப்பும் ஒழுங்கும் இருக்கும்போது இதற்கெல்லாம் அமைப்பு, ஏற்பாடு என்று பெயர் சூட்டுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. கைவினை மனம் என்று அதற்கு ஒரு புனிதமும் சேர்த்துவிட்டார்கள். இந்த விளக்கத்தில் எனக்கு இரண்டு சிக்கல்கள். முதலாவது, அதே உழைப்பும் அதே ஒழுங்கும் இருந்த எத்தனையோ ஜப்பானிய ஊர்கள் சுரங்கம் மூடியதும், பட்டுநூல் விலை விழுந்ததும் வெறிச்சோடிப் போயிருக்கின்றன. குணம் மட்டும் காப்பாற்றும் என்றால் அவையும் பிழைத்திருக்க வேண்டும். இரண்டாவது, தன் கைத்தொழிலின் மேல் உண்மையான பக்தி கொண்டவர் அதைவிட்டு நகரமாட்டார். சுபாமே நகர்ந்துகொண்டே இருந்த ஊர். ஆணியை விட்டது, புகைக்குழாயை விட்டது, மலிவுக் கரண்டியையும் விட்டது. செம்பைத் தட்டிப் பாத்திரமாக்கும் வேலை 1981இல் மரபுக் கைத்தொழிலாக அங்கீகாரம் பெற்றது. ஆனால் ஊர் சாப்பிட்டது அந்த அங்கீகாரத்தால் அல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. ஊர் எளிதாக வளைந்துகொடுத்தது என்று சொல்கிறோமே, அந்த வளைவை யார் முதுகில் வாங்கினார்கள்? ஆர்டர் குவிந்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் இரவு வரை வீலுக்கு முன்னால் உட்காருவதும், ஆர்டர் நின்றால் கூலி இல்லாமல் காத்திருப்பதும்தான் அந்த நெகிழ்ச்சியின் மறுபெயர். விலையைத் தீர்மானித்தவர் வியாபாரி. பேரம் பேசும் பலம் ஒற்றை வேலைப் பட்டறைக்கு இல்லை. பாலிஷ் வேலை எங்கு நடந்தாலும் அதன் தூசியும் இரைச்சலும் ஒன்றுதான். முகமூடியும் உறிஞ்சுக்குழாயும் வருமுன் அந்தக் கருப்புத் தூள் எங்கே போயிற்று என்று தொழிலாளியின் நெஞ்சைக் கேட்க வேண்டும். அந்த ஊரின் புகழ்பெற்ற ராமென் நூடுல்ஸ்கூட இதற்குச் சாட்சி. பன்றி முதுகுக் கொழுப்பைத் துருவி, சூப்பின் மேல் வெள்ளையாகப் படரவிட்டிருப்பார்கள். நூடுல்ஸ் தடிமனாக இருக்கும். இரவு வேலை பார்க்கும் பட்டறைக்குக் கிண்ணம் போய்ச்சேரும்வரை சூடு ஆறாமலிருக்கக் கொழுப்பு மூடி. ஊறிக் குழையாமலிருக்கத் தடித்த நூடுல்ஸ். வியர்வையில் போன உப்புக்கு ஈடாகக் கரிப்பும் தூக்கல். இன்று சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்று சாப்பிடும் பண்டம், வேலையை விட்டு எழுந்துபோக நேரமில்லாதவர்களுக்காக உருவானது. எனவே இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். பொருளை இழந்தும் ஊர் பிழைத்தது; அந்த இழப்பின் செலவை ஊரார் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளவில்லை. இன்றைய நெருக்கடியின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

ஏனென்றால், அப்பா அம்மாவின் இரவுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்த வீலுக்கு முன்னால் உட்கார விரும்பவில்லை. முதலாளிக்கு வயதாகிறது, வாரிசு இல்லை, பட்டறை மூடுகிறது. ஒற்றை வேலைப் பட்டறைகளின் சங்கிலியில் இதன் விளைவு வித்தியாசமானது. பத்துப் பாலிஷ் பட்டறைகளில் ஒன்று மூடினால் பாதிப்பு குறைவு. ஆனால் முட்கரண்டிப் பல்லிடுக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கடைசிப் பட்டறை மூடினால், ஊரில் மற்றெல்லோரும் திறமையோடு இருந்தும் நல்ல முட்கரண்டி வெளியே வராது. பொருள் செத்தபோது ஊருக்கு மருந்து தெரிந்திருந்தது. வேலையே சாகும்போது என்ன செய்வது என்பதற்கு முன்னனுபவம் இல்லை. இதற்குப் பதிலாக இரண்டு முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2003இல் சுபாமே வணிகர் சங்கத்தின் முன்முயற்சியில் பாலிஷ் பட்டறைகள் கூட்டாக ஆர்டர் எடுக்க மிகாகியா சிண்டிகேட் என்ற அமைப்பு உருவானது. தனியாக ஒரு பட்டறை ஏற்க முடியாத பெரிய ஆர்டரைத் தரம், விலை, பொறுப்பு ஆகியவற்றை முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொள்கிறார்கள். இடையில் நிற்கும் வியாபாரியைத் தாண்டி வாங்குபவரோடு நேரே பேசுகிறார்கள். 2007இல் மிகாகியா இச்சிபன்கான் என்ற பயிற்சிக்கூடத்தை நகரமே அமைத்தது. வீட்டுக்குள் பிள்ளைக்கு மட்டும் இறங்கிவந்த கைப்பக்குவத்தை வெளியாருக்கும் கற்றுக்கொடுக்கும் இடம் அது. நானூறு ஆண்டு வழக்கத்தில் இது சிறிய மாற்றம் அல்ல.

இன்னொரு பாதையும் தெரிகிறது, அது என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். இன்று இந்தப் பகுதியில் பெயர் சொல்லும்படி நிற்பவை, தன் பெயரில் தன் பொருளை விற்கும் நிறுவனங்கள். 1983இல் வந்த குளோபல் கத்தி சுபாமேயில் செய்யப்படுகிறது. பிடியும் அலகும் ஒரே உலோகமாக, இணைத்த இடம் தெரியாமல் வழித்தெடுத்த அதன் உடம்பில் அந்த ஊரின் பாலிஷ் கை தெரியும். சான்ஜோவின் சுவாடா 1926இல் ஆணித்தலையை நறுக்கும் இடுக்கி செய்யத் தொடங்கி, போன்சாய் மரக்கருவிக்கு வந்து, இன்று விரல் நகம் வெட்டும் இடுக்கியால் உலகறிந்திருக்கிறது. ஸ்னோ பீக் 1958இல் சான்ஜோவில் ஒரு சாமான் கடையாகத் தொடங்கி, மலையேறுவோருக்கும் கூடாரவாசிகளுக்கும் சாமான் செய்யும் நிறுவனமாக வளர்ந்தது. அப்படியென்றால் வேலை மட்டும் தெரிந்த பட்டறை காலாவதியாகிவிட்டது, பெயரும் பொருளும் வைத்திருப்பதே வழி என்று சொல்லிவிடலாமா? பாதி ஒப்புக்கொள்வேன். ஐபாட் முதுகில் முகம் பார்த்த கோடிப் பேரில் சுபாமேயை அறிந்தவர் மிகச் சிலர். பெயர் இல்லாத வேலையை எந்த நாளும் வேறொரு நாட்டுக்கு நகர்த்திவிடலாம் என்பதை அந்த ஆர்டர் காட்டிவிட்டது. ஆனால் சுவாடாவின் கதையையே பாருங்கள்: இடுக்கியின் இரண்டு அலகும் ஒளிக்கீற்றுகூடப் புகாமல் சேர வேண்டும் என்ற வேலை அறிவு மாறவேயில்லை, இரண்டு முறை மாறியது பொருள்தான். ஸ்னோ பீக்கின் அடித்து உருவாக்கிய கூடார முளையும் இந்த வட்டாரத்துக் கொல்லு வேலையின் வாரிசு. வேலை தெரிந்தவரும் சந்தை தெரிந்தவரும் முன்பு இரண்டு வாசல்களில் இருந்தார்கள், இப்போது ஒரே கூரைக்குள் வந்திருக்கிறார்கள். வாதம் முறியவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2013 முதல் ஆண்டுதோறும் பட்டறைக் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பட்டறைத் திருவிழாவும் இதன் தொடர்ச்சிதான்: வாங்குபவர் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டால், வியாபாரி சொல்லும் விலைக்கு மட்டுமே பட்டறை தலையாட்ட வேண்டியதில்லை.

இந்த ஒரே கூரைப் பாதையில் ஓர் அபாயமும் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் எல்லா வேலைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டால், வெளியே தெருவில் மிஞ்சும் பட்டறைகள் குறையும். அப்போது நிறுவனம் பிழைக்கும். ஆனால் நாளை எங்கிருந்தோ ஒரு புதிய மாதிரியைக் கொண்டுவரும் அந்நியருக்கு, 1911இல் நடந்ததுபோல, இதை யாரால் செய்ய முடியும் என்று சுற்றிக் காட்ட ஊர் இருக்காது. ஒரு நிறுவனம் தன் பொருள் செத்தால் தானும் சாகலாம். ஊர் என்ற அமைப்புக்குத்தான் பொருளை இழந்து பிழைக்கும் வசதி உண்டு. எனவே சுபாமேயைப் பார்த்துத் தங்கள் ஊரையும் அப்படி ஆக்க நினைப்பவர்கள் நோபல் விருந்துக் கரண்டியையோ ஐபாட் முதுகையோ அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிப் பார்க்க வேண்டியவை வேறு: ஒவ்வொரு வேலைக்கும் ஊரில் எத்தனை பட்டறைகள் மிஞ்சியிருக்கின்றன, அதில் எது ஒன்றே ஒன்றாகிவிட்டது, அங்கே வேலை கற்றுக்கொள்ள வெளியாள் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா, அவருக்குக் கிடைக்கும் கூலியில் அவர் பிள்ளை நாளை அந்த வேலைக்கு வரச் சம்மதிப்பானா. கடைசிக் கேள்விக்கு நானூறு ஆண்டுகளாக யாரும் பதில் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வீட்டுப் பிள்ளைகள் கேட்காமலே உட்கார்ந்தார்கள். இனி அந்தக் கூலியைக் கணக்கில் எழுதியாக வேண்டும், அதை வாங்குபவர் விலையில் ஏற்றியாக வேண்டும். சுபாமே அடுத்து எந்தப் பொருளுக்கு மாறும் என்பதைவிட, இந்தக் கணக்கை எப்படித் தீர்க்கிறது என்பதைத்தான் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.